கொடைக்கானல்ல லாட்ஜ் எடுக்கறீங்களா, முதல்ல சி ஃபார்ம் கேளுங்க

கோலாலம்பூர்ல இருந்து ஊருக்குப் போறவங்க நெறைய பேரு திருச்சியில இறங்கி கோயில், சொந்தக்காரங்க வீடுன்னு சுத்திட்டு கடைசி ரெண்டு நாளு கொடைக்கானல் போவோம். நாங்களும் போன டிசம்பர்ல அம்மாவ கூட்டிக்கிட்டு போனோம், ரூம் புக் பண்ணல, அங்க போய் பாத்துக்கலாம்னு விட்டுட்டோம், அதுதான் பெரிய தப்பு.

ராத்திரி ஒம்போது மணி, பஸ் ஸ்டாண்டு பக்கம் மூணு லாட்ஜ் ஏறி இறங்கினோம், மூணுலயும் ரூம் இருக்கு. கடைசி லாட்ஜ்ல இருந்த தம்பி சிரிச்ச முகமா பெரிய நோட்ட விரிச்சு பேனாவும் எடுத்துட்டாரு, எங்க சிவப்பு பாஸ்போர்ட்ட பாத்ததும் நோட்ட மூடிட்டாரு. "ஃபாரினர்ஸ் எடுக்கறதில்லண்ணா, சி ஃபார்ம் போடணும்." அம்மா குளிர்ல நடுங்கிக்கிட்டே "நாங்களும் தமிழாளுங்கதானே தம்பி"ன்னாங்க. அவருக்கும் சங்கடம், "தமிழ்தாம்மா, பாஸ்போர்ட் வேற நாடாச்சே"ன்னாரு.

வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்க தங்கினா 24 மணி நேரத்துக்குள்ள லாட்ஜ்காரங்க ஆன்லைன்ல பதியணும், அங்க அத சி ஃபார்ம்னுதான் சொல்வாங்க. சின்ன லாட்ஜ் பல இடத்துல அந்த வசதியே வச்சிருக்க மாட்டாங்க. அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடியே போன் போட்டு "மலேசியா பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா"ன்னு இதே வார்த்தையில கேளுங்க, ஆப்ல புக் பண்ணியிருந்தாலும் கேளுங்க. பாஸ்போர்ட், விசா ஆளுக்கு ரெண்டு காப்பி கையில இருக்கட்டும்.

அடுத்தது சுடுதண்ணி. "24 மணி நேரம்"னு போர்டு இருந்தாலும் எத்தன மணியில இருந்து எத்தன மணி வரைன்னு கேட்டுடுங்க, எங்களுக்கு கிடைச்ச இடத்துல காலையில ஆறுல இருந்து எட்டரை வரைக்கும்தான் வந்துச்சு. கேமரன் மலை குளிர் மாதிரிதானேன்னு ஒரு ஸ்வெட்டரோட போயிடாதீங்க, கேமரன்ல இருக்கற தானா ராத்தா டவுன் 1,400 மீட்டர் சொச்சம், கொடை 2,100 மீட்டருக்கு மேல, டிசம்பர் ஜனவரியில ராத்திரி பத்து டிகிரிக்கும் கீழ போகும், பட்ஜெட் ரூம்ல ஹீட்டரும் இருக்காது. ரூம காட்டும்போதே கம்பளிய தொட்டுப் பாருங்க, ஈரம் அடிச்சா மாத்தச் சொல்லுங்க, கூடுதலா ஒண்ணும் அப்பவே வாங்கி வச்சுக்குங்க. ராத்திரி பதினோரு மணிக்கு மேல கவுண்டர்ல ஆள் இருக்க மாட்டாங்க. வயசானவங்க கூட இருந்தா இதுல விட்டுக்குடுக்காதீங்க, எங்கம்மா அன்னைக்கு சால்வைய சுத்திக்கிட்டு உக்காந்தே விடிய வச்சாங்க.

காடி எடுத்துப் போனா இ-பாஸ், அதாவது ஆன்லைன்ல எடுக்கற வண்டி அனுமதி வேணும், 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் இது உண்டு, டிரைவர்கிட்ட முன்னாடியே போடச் சொல்லிடுங்க. அரசு பஸ்ல போனா தேவையில்ல. சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் மேல தடை, பிளாஸ்க் கொண்டு போங்க, சுடுதண்ணிக்கும் ஆகும். நம்ம சப்பைக் கால் பிளக் அங்க சேராது, அடாப்டர் வேணும்.

ஏரிக்கரையிலயே ரூம் வேணும்னு கூட காசு குடுக்க வேணாம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருந்தே நடந்து இறங்கிடலாம். 1863ல மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கின ஏரி அது, சுத்தி வர அஞ்சு கிலோமீட்டர். மறுநாள் காலையில பசியாறுறதுக்கு முன்னாடியே போனோம், தண்ணி மேல பனி இன்னும் கலையல, அம்மா பாதி தூரம் என் கைய புடிச்சுக்கிட்டு நடந்தாங்க.