ஊருணித் தண்ணீரைக் கூட்டு நுண்ணோக்கியில் பார்ப்பவர்களுக்கு

செட்டிநாட்டு ஊருணிகளின் படித்துறை ஓரத்தில், பாசி படர்ந்த இடத்திலிருந்து எடுக்கும் ஒரு சொட்டுத் தண்ணீரே பள்ளி நுண்ணோக்கிக்கு மிகச் சிறந்த முதல் பாடம். சொட்டை ஸ்லைடில் இட்டு, அதை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் நீரில் தொட வைத்து, மெல்லச் சாய்த்து இறக்கினால் காற்றுக்குமிழிகள் சிக்குவது குறையும். கருத்த வளையத்துடன் தெரியும் அந்தக் குமிழியைத்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் உயிரணு என்று வரைந்துவிடுகிறார்கள்.

கண்ணருகு லென்ஸ் 10 மடங்கும் பொருளருகு லென்ஸ் 40 மடங்கும் பெருக்கினால், மொத்தப் பெருக்கம் 400. ஆனால் தொடக்கத்திலேயே 40-க்குப் போக வேண்டாம். பொருளருகு லென்ஸ் 10-லிருந்து 40-க்கு மாறும்போது பார்வைப் பரப்பின் விட்டம் நான்கில் ஒன்றாகச் சுருங்குவதால், நீந்தும் பரமீசியம் என்ற ஓரணு உயிரி கண்ணில் அகப்படாது. முதலில் குறைந்த பெருக்கத்தில், பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே லென்ஸையும் ஸ்லைடையும் நெருக்கிவிட்டு, பிறகு கண்ணை வைத்து, பெரிய திருகால் இரண்டையும் விலக்கிக்கொண்டே தெளிவைத் தேட வேண்டும். இம்முறையில் லென்ஸ் கண்ணாடியில் மோதவே மோதாது. 40-இல் நுண் திருகை மட்டுமே தொட வேண்டும்.

பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரிவதால், உயிரி வலப்பக்கம் ஓடினால் ஸ்லைடையும் வலப்பக்கமே நகர்த்த வேண்டும். நிறமற்ற உயிரிகள் மங்கித் தெரிந்தால், மேடைக்கு அடியிலுள்ள ஒளித்துளையைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள். பரமீசியத்தின் விளிம்பு அப்போதுதான் துலங்கும்.