வேதாகமப் பெயரை நீங்களே பிரித்து வாசிக்க

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் ஞானஸ்நான ஆராதனை நெருங்கினாலே இளம் பெற்றோர் என்னிடம் வருவார்கள். "ஆன்ட்டி, இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?" கூகுள் கொடுத்த ஒற்றை வரி போனில் இருக்கும். அந்த வரியோடு நிறுத்திவிடாதீர்கள். எபிரெயப் பெயர்களில் பல முழு வாக்கியங்கள். எபிரெய எழுத்து தெரியாமலே அவற்றைப் பிரித்து வாசிக்கலாம்.

முதல் வேலை, தமிழில் ஒட்டிக்கொண்டதை நீக்குவது. நாம் சபையில் வாசிக்கும் பழைய திருப்புதல், அதாவது வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, பெண் பெயர்களோடு 'ஆள்' சேர்க்கும். சாராள், தெபொராள், சிப்போராள் எல்லாம் எபிரெயத்தில் சாரா, தெபோரா, சிப்போரா. அதோடு, நம் உச்சரிப்பில் 'ஹ' விழுந்துவிடும். அன்னாள், யோவான், அனனியா மூன்றும் நமக்கு வேறு வேறாகக் கேட்கின்றன. ஹன்னா, யோஹனான், ஹனன்யா என்று சொல்லிப் பாருங்கள்; மூன்றுக்குள்ளும் 'அருள்' என்ற ஒரே வேர் இருப்பது காதிலேயே விழும்.

அடுத்து, கடவுளின் பெயரைத் தேடுங்கள். 'ஏல்' என்றால் தேவன். 'யா', 'யோ' இரண்டும் கர்த்தருடைய பெயரின் சுருக்கம். அல்லேலூயாவின் கடைசியில் வருவதும் அதே யாதான். இவற்றோடு ஒரு வினை சேர்ந்தால் வாக்கியம். நான் எப்போதும் 'கொடுத்தார்' என்பதிலிருந்து தொடங்குவேன். நாத்தான் என்றால் கொடுத்தார். நாத்தான்வேல், தேவன் கொடுத்தார். யோனத்தான், கர்த்தர் கொடுத்தார். எல்நாத்தானிலும் நெத்தனியாவிலும் அதே சொற்கள் இடம் மாறி நிற்கின்றன. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் வம்ச அட்டவணைகளைக்கூட விரும்பி வாசிக்கிறார்கள். எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

ஆனால் தமிழ் எழுத்தை மட்டும் நம்பினால் தடுமாறுவீர்கள். ராகேல், யாகேல், ஆபேல் மூன்றிலும் 'ஏல்' ஒலிக்கிறது. தேவன் என்ற சொல் ஒன்றிலும் இல்லை. ராகேல் பெண் ஆடு, யாகேல் மலையாடு, ஆபேல் மூச்சு அல்லது நீராவி. ஓசேயாவின் கடைசி 'யா'வும் கர்த்தருடைய பெயர் அல்ல. அது 'இரட்சிப்பு' மட்டும். எண்ணாகமம் 13:16-இல் மோசே அந்த ஓசேயாவுக்கு யோசுவா என்று பெயரிடும்போதுதான் கர்த்தருடைய பெயர் உள்ளே வருகிறது. இயேசு என்பதும் இதே பெயரின் பிற்கால வடிவத்திலிருந்து வந்ததுதான். சந்தேகம் வந்தால் பைபிள் ஆப்பில் அந்தப் பெயரின் ஸ்ட்ராங் எண்ணை, அதாவது ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் கொடுக்கப்பட்ட எண்ணை, தட்டி மூலச் சொல்லைப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது: பெயர் வைக்கப்படும் வசனத்தைத் திறந்து வாசிப்பது. வேதம் சொல்லும் காரணம் பல இடங்களில் ஒலி ஒற்றுமையில் நிற்கிறது. "கர்த்தரிடத்தில் கேட்டேன்" என்று அன்னாள் மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிடுகிறாள். 'கேள்' என்பதற்கான எபிரெய வேர் ஷாஅல். அது நேராகப் பொருந்துவது சவுலுக்கு. ஷாவூல் என்றாலே கேட்டுப் பெறப்பட்டவன். ஜனங்கள் கேட்டுப் பெற்ற ராஜாவின் பெயர், அவனை அபிஷேகம்பண்ணப் போகிற தீர்க்கதரிசியின் பிறப்பிலேயே ஒலிக்கிறது. அகராதி 'சாமுவேல்: அவர் பெயர் தேவன்' என்று முடித்துவிடும். இந்த அழகு அங்கே கிடைக்காது.

ஜாபேஸ் என்று பெயர் வைக்க வந்த தம்பதி ஒருவர், 'வேதனை' என்று போட்டிருக்கிறதே என்று கலங்கினார்கள். 1 நாளாகமம் 4:9-10 வாசிக்கச் சொன்னேன். தாய் துக்கத்தோடே பெற்றதால் வைத்த பெயர். எழுத்துகள்கூட வேதனை என்ற சொல்லின் எழுத்துகள் இடம் மாறியவை. மகனோ தீங்கு தன்னைத் துக்கப்படுத்தாதபடி ஜெபித்தான். தேவன் கேட்டதை அருளினார். அதே பெயரையே வைத்தார்கள். நானும் அதைத்தான் விரும்பினேன்.

பெயர் மாறும் இடங்களையும் விடாதீர்கள். தானியேல், அனனியா, மீஷாவேல், அசரியா நான்கிலும் ஏல் அல்லது யா இருக்கிறது. பாபிலோன் அரண்மனை மாற்றியது அந்தப் பெயர்களைத்தான். அசரியாவுக்கு வைத்த ஆபேத்நேகோ என்ற பெயரில் நேபோ என்ற பாபிலோன் தெய்வத்தின் பெயர் மறைந்திருக்கிறது.

எல்லா வேதாகமப் பெயரும் எபிரெயம் அல்ல. பிலிப்பு, அந்திரேயா, பேதுரு கிரேக்கம். மார்த்தாள், தோமா அரமேயம். இவற்றில் ஏலையும் யாவையும் தேட வேண்டாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பெங்களூரில் பிள்ளை சபையில் ராகேல், பள்ளியில் ரேச்சல். பிறப்புச் சான்றிதழுக்குக் கொடுக்கும் முன் ஆங்கில எழுத்தை முடிவு செய்யுங்கள். அந்தப் பெயர் வரும் வசன எண்ணைப் பிள்ளையின் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் இன்றே எழுதிவையுங்கள்.