பரிசு விழுந்ததாக மின்னஞ்சல் வந்தால்

"உங்கள் மின்னஞ்சல் முகவரிக்கு ஐந்து லட்சம் பவுண்டு பரிசு விழுந்திருக்கிறது" என்று ஒரு கடிதம் வந்தால், அந்த லாட்டரிச் சீட்டை நாம் எப்போது வாங்கினோம் என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்பவர் இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதுவதும், யாரிடமும் சொல்லக்கூடாது என்று வற்புறுத்துவதும், இரண்டு நாள் கெடு விதிப்பதும் ஏமாற்றின் அடையாளங்கள்.

உண்மையான பொறி அடுத்த கடிதத்தில் இருக்கிறது. வரி, சுங்கம், வங்கிக் கட்டணம் என்று முதலில் சில ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். அதைக் கட்டியதும் இன்னொரு கட்டணம் முளைக்கும். ஏற்கெனவே கட்டிய பணம் வீணாகிவிடுமே என்ற தவிப்புதான் மேலும் மேலும் கட்டவைக்கிறது. ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுவது தவறு என்றே கருதுகிறேன். கடனிலும் மருத்துவச் செலவிலும் திணறுபவருக்கு அக்கடிதம் தெய்வமே அனுப்பிய உதவியாகத் தோன்றிவிடுகிறது. பின்னர் வெட்கத்தால் வீட்டாரிடமும் மறைத்துவிடுகிறார்.

ரிசர்வ் வங்கியின் முத்திரை இருந்தாலும் நம்ப வேண்டாம். அவ்வங்கி தனிநபர்களுக்குக் கணக்கு வைத்திருப்பதில்லை. வெளிநாட்டு லாட்டரிக்காகப் பணம் அனுப்புவதே 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டுள்ளது. பணம் அனுப்பிவிட்டிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவித்து, வந்த கடிதங்களை அழிக்காமல் வைத்திருங்கள். இழந்ததை மீட்டுத் தருவதாகச் சொல்லி, அதற்கும் முன்கூட்டியே கட்டணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.