வேப்பங்கன்று வைக்கும்போது வேரில் நாம் செய்யும் தவறுகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு தொடங்கி திருத்தணி, பள்ளிப்பட்டு வரை, ஆந்திர எல்லையை ஒட்டிய நம் ஊர்களில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. அந்த வெயிலிலும் பச்சையாக நின்று நிழல் தருவது வேம்பு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவின் மாநில மரமும் இதுதான். காக்கை தின்று போட்ட கொட்டை வேலியோரத்தில் தானாக மரமாகிவிடுகிறது; ஆசையாக நாம் வைத்த கன்று காய்ந்துபோகிறது. விழுந்த இடத்திலேயே முளைத்த கன்றுக்கு ஆணிவேர் தடையில்லாமல் கீழே இறங்கும். நாம் வைப்பதில் அந்த வேருக்குத்தான் ஏதாவது ஒரு தடை வந்துவிடுகிறது.

முதல் தவறு கொட்டையிலேயே தொடங்குகிறது. ஆனி, ஆடியில் பொறுக்கிய வேப்பங்கொட்டையை டப்பாவில் போட்டு வைத்து, ஐப்பசி மழைக்கு விதைப்பவர்கள் உண்டு. வேப்பங்கொட்டை அவ்வளவு நாள் தாங்காது. சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் வேகமாகக் குறைந்துவிடும். பழுத்து விழுந்ததைச் சதை போகக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, உடனே ஊன்றிவிட வேண்டும். முடிந்தால் மரம் நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள், அதைவிட நல்லது இல்லை.

நாற்றாக வாங்கினால் உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சின்னப் பையில் நெடுநாள் இருந்த ஆளுயரக் கன்றுக்கு வேர் அடியில் சுருண்டிருக்கும். அது மண்ணுக்குப் போன பிறகும் சுற்றிச் சுற்றியே வளரும், ஆழம் போகாது, பெருங்காற்றில் சாயும். ஒன்றிரண்டு அடி உயரமுள்ள இளங்கன்றே போதும். பையைக் கிழித்து எடுத்துவிட்டு நட வேண்டும். பையோடு குழியில் இறக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது, பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

குழி ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் இருந்தால் சரி. செம்மண், சரளை எதுவானாலும் வேம்பு பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால் மட்டும் தாங்காது. குளியலறைத் தண்ணீர் போகும் பள்ளத்திலும், மழைக்கு ஊறி நிற்கும் ஏரிக்கரைத் தாழ்விலும் வைக்காதீர்கள். தினமும் ஒரு குடம் ஊற்றுவதும் தவறுதான். அப்படி ஊற்றினால் வேர் மேல் மண்ணிலேயே தங்கிவிடும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒன்றிரண்டு முறை நன்றாக நனைய ஊற்றுங்கள், அப்புறம் இடைவெளியைக் கூட்டுங்கள்.

சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி வையுங்கள். மேலே மின்கம்பி போகிறதா என்றும் பாருங்கள். இளங்கன்றை ஆடு விடாது, முள்வேலி கட்டாயம் வேண்டும். மரம் வளர்ந்தபின் வாசலுக்கு சிமென்ட் போடும்போது அடிமரத்தை ஒட்டிப் பூசிவிடுகிறார்கள். மழைநீரும் காற்றும் வேருக்குப் போக, சுற்றிலும் மூன்றடியாவது மண் தெரியட்டும்.

இப்போது எனக்குப் பெரிய கவலை வேறொன்று. சில ஆண்டுகளாக மழைக்காலத்தையொட்டி வேப்பமரங்களின் நுனிக்கிளைகள் தீய்ந்ததுபோல் பழுப்பாகிக் காய்கின்றன. கொழுந்தில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சியும், போமாப்சிஸ் என்ற பூஞ்சையும் இதற்குக் காரணம். மரம் செத்துவிட்டது என்று நினைத்து உடனே ரம்பத்தை எடுத்துவிடுகிறார்கள். பொறுங்கள். பெரும்பாலான மரங்கள் மாசி, பங்குனியில் மறுபடி துளிர்க்கின்றன. சந்தேகமாக இருந்தால் ஒரு கிளையின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. எட்டுகிற உயரத்தில் காய்ந்த நுனிகளை மட்டும் பச்சைப் பகுதி வரை வெட்டி எரித்துவிடலாம். இளங்கன்றுக்கு இப்படி வந்தால் வேளாண் அலுவலரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவில் மருந்து தெளியுங்கள். பெரிய மரம் என்றால் உகாதிப் பச்சடிக்குப் பூப் பறிக்கும் காலம் வரையாவது விட்டுப் பாருங்கள். அதற்குள் துளிர்க்காத கிளையை அப்போது கழித்துக்கொள்ளலாம்.