எல்கேஜி வகுப்பில் குடும்பச் சுவர்: நான் தடுக்கி விழுந்த இடங்களோடு ஒரு செய்முறை

புதுச்சேரியில் பாலர் வகுப்பு எடுப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பாயில் மீனவர் வாழும் வைத்திக்குப்பத்துப் பிள்ளையும், பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் பிள்ளையும், அப்பாவின் மாற்றலில் மலையாளம் பேசும் மாஹேயிலிருந்தோ தெலுங்கு பேசும் ஏனாமிலிருந்தோ வந்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். எல்லோர் வீடும் வகுப்புக்குள் தெரிய வேண்டும் என்றுதான், வீட்டாரின் படங்களைப் பிள்ளைகளே மாட்டும் குடும்பச் சுவர் போட்டேன்.

1. கேள்வியை மாற்றுங்கள். எனக்கு ஒரு வருடம் வீணானது இங்கேதான். "அப்பா அம்மாவோட எடுத்த போட்டோ கொண்டு வாங்க" என்று டைரியில் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு பெண் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் கைக்குள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை மடக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றது. கேட்டால் "ஆயா" என்றது. நம்ம ஊரில் பாட்டியும் ஆயா, பள்ளியில் கூட்டிப் பெருக்குபவரும் ஆயா, நான் பள்ளி ஆயாவைக் கூப்பிட்டு அனுப்பினேன்! வளர்ப்பது அம்மாவைப் பெற்ற ஆயா என்பது சாயங்காலம் அவர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இப்போது கேட்பது வேறு: "இன்னைக்கு உனக்குத் தலை வாரிவிட்டது யாரு?" ஆயா, அத்தை, பெரியண்ணன், எதிர்வீட்டு அக்கா என்று பதில் வரும். அவர்களை வரையச் சொல்லுங்கள், சுவரில் முதல் படம் அதுதான்.

2. கயிறு கட்டுங்கள். செலோடேப் இங்கே ஆகாது, கடற்காற்றின் ஈரத்தில் பிசுபிசுத்துக் கீழே விழும். லேமினேஷன் எனக்குப் பிடிக்காது, பிள்ளை கிறுக்கிச் சேர்க்க முடியாது. கொடிக்கயிறு, துணி கிளிப் போதும். பிள்ளையின் மார்பு உயரத்தில் கட்டினால் தம்பி பிறந்த அன்றைக்கு அதுவே இன்னொரு படம் மாட்டும்.

3. பிள்ளையின் வீட்டு மொழியில் ஐந்து சொல் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர், பாத்ரூம், வலி, பசி, போதும். பெற்றோரிடம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வாங்குங்கள். எழுதி வாங்கினால் உச்சரிப்பு கோணலாகிவிடும். நவம்பர் மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற நாளில் மாஹே பையன் "வெள்ளம், வெள்ளம்" என்றான். நானும் ஜன்னலைக் காட்டி "ஆமாண்டா கண்ணு, வெள்ளம்தான்" என்றேன். அவன் அழ ஆரம்பித்துத் தண்ணீர் பாட்டிலைத் தொட்ட பிறகுதான் உறைத்தது, மலையாளத்தில் குடிக்கிற தண்ணீரே வெள்ளம். இப்போது தண்ணீர்க் குடத்துக்கு மேலே வெள்ளம், தெலுங்கு நீள்ளு, இந்தி பானி மூன்றும் எழுதியிருக்கிறேன், எனக்காகத்தான். ஆனால் பிள்ளைகள் அதையே விளையாட்டாக்கி, தாகமே இல்லாமல் மூன்று மொழியிலும் கேட்கிறார்கள்.

4. பண்டிகை. மாநிலத்துக்கு ஒரு உடுப்பு மாட்டி மேடை ஏற்றுவது எனக்கு ஒப்பாது, உடுப்பு வாடகை பிழியும், பிள்ளையும் அழும். வீட்டில் நடந்ததை நடந்த மறுநாளே சொல்லவிடுங்கள். மாசிமகத்துக்குச் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்ததை மீனவப் பிள்ளைகள் கத்திக் கத்திச் சொன்னபோது, அதுவரை வாயே திறக்காத பீகார் பெண் "எங்கம்மாவும் தண்ணியில நிப்பாங்க" என்றாள். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சூரியனுக்கு எடுக்கும் சட் பூஜையைச் சொல்லியிருக்கிறாள். நான் நோட்டில் குறித்துக்கொண்டேன், இந்த வருடம் அவள் அம்மாவையே வரச் சொல்லியாயிற்று.

பின்சேர்க்கை: கடலூர் முதுநகரிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருந்தார், சில வீடுகளில் போட்டோ மாட்டுவதையும் ஆள் உருவம் வரைவதையும் விரும்பவில்லையாம். நியாயம்தான். அந்த வீட்டுப் பெரியவர் கையைத் தாளில் வைத்துச் சுற்றி பென்சிலால் கோடு போட்டு, உள்ளே பிள்ளை தன் கையை வைத்துப் போடட்டும். என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். அப்புறம் போட்டோ கொண்டு வந்தவர்களும் "எனக்கும் கை வேணும்" என்று வரிசை கட்டி, ஒரு கட்டு தாள் காலி.