வீட்டில் தனியாக இருக்கும் நாய் திருடு போகாமல் இருக்க

வேலைக்குக் கிளம்பும்போது நாயை கேட் பக்கத்தில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். பக், ஷிட்சு மாதிரி குட்டி ரக நாய்களை ஒரே கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பைக் நிற்கக்கூட வேண்டாம். காவலுக்குத்தானே நாய் என்பீர்கள். பிஸ்கட் நீட்டினால் வாலாட்டும் நாய்தான் நம்மில் பலரிடம் இருக்கிறது! உள்ளே விட்டு, தண்ணீர் வைத்து, ஃபேன் போட்டுப் பூட்டுங்கள். வெளியில்தான் விட வேண்டுமென்றால் தெருவிலிருந்து தெரியாத பின்பக்கம் நல்லது. கேட்டுக்கு உள்பூட்டும் போடுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இன்னும் நிம்மதி.

காலரில் போன் நம்பர் மட்டும் போதும், பெயர் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் பின்னால் நாய் போய்விடும்.

காலரைக் கழற்றி எறிய ஒரு நிமிடம் ஆகாது. அதனால் மைக்ரோசிப் முக்கியம். அரிசி அளவுதான், தோலுக்கடியில் ஊசி போல வைப்பார்கள். அதிலுள்ள 15 இலக்க எண்ணை ஸ்கேனரில் படிக்கலாம். ஆனால் அது ஜிபிஎஸ் இல்லை, நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. 'இது என் நாய்' என்று காட்டத்தான் உதவும். போன் நம்பர் மாறினால், சிப் எண்ணோடு உங்கள் பெயரில் இருக்கும் பதிவிலும் மாற்றிவிடுங்கள்.

கருத்தடை செய்த நாய் குட்டி போட வைத்து விற்பவர்களுக்குப் பயன்படாது, அதையும் யோசியுங்கள்.

அப்புறம், காணாமல் போனால் அன்றே போலீஸில் புகார் கொடுங்கள். வளர்ப்பு நாயைத் திருடுவதும் சட்டப்படி திருட்டுதான். உடம்பிலுள்ள மச்சம், தழும்பு தெரிகிற போட்டோக்களை இப்போதே எடுத்து வையுங்கள்.