நீராவியும் பூதமும்: வடசென்னையைக் களமாக்கி மிகுபுனைவு நாவல் எழுதுவது எப்படி

மந்திரத்தையும் நீராவி இயந்திரங்களையும் கலந்து நாவல் எழுத விரும்புபவர், அந்த மந்திரத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களுக்கு அருகே சற்று நின்று பாருங்கள்; களம் தானாகவே விரியும். கொதிகலனுக்குள் அடைபட்ட பூதம் ஓர் ஆலையை ஓட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குக் கரி அள்ளிப்போடும் பெண்ணின் உள்ளங்கைக் கொப்புளத்தையும், அவள் கூலியில் பிடித்துக்கொள்ளப்படும் காலணாவையும் எழுதுங்கள். பெரம்பூர்ப் பின்னி ஆலைத் தொழிலாளர்களிடையே 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதையும், 1921 வேலைநிறுத்தத்தின்போது அவர்கள் சாதி வழியே பிளவுபட்டுப் புளியந்தோப்புப் பகுதி பற்றியெரிந்ததையும் படித்தால் (இதையே நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்), அநீதி ஒரே ஒரு கொடிய மந்திரவாதியின் வேலையன்று என்பது புரியும். மந்திர விதிகளை இரண்டு பத்திகளில் சொல்லிவிடலாம். பூதம் விடுதலையாகும் காட்சியோடு, மறுநாள் சங்கு ஊதாத ஆலை வாசலில் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்பதையும் எழுதுங்கள்.